எழுபதுக்கு எத்தனை?

டாக்டர் அந்தத் தாளை நீட்டியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் நாய்க்கு இரண்டு சிறுநீரகமும் தேய்ந்துவிட்டன, இனித் தேறாது என்று அவர் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சுவரில் ஒட்டியிருந்த உண்ணிப் படத்தை முறைத்துக்கொண்டிருந்தார். நான் தாளில் எத்தனை கட்டங்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழு. வலி தாங்கும்படி இருக்கிறதா, சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, உடம்பு சுத்தமாக இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறதா, நடமாட முடிகிறதா, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மொத்தம் எழுபது.

"தினமும் ஒரே நேரத்துல போடுங்க," என்றார் டாக்டர். பூந்தமல்லியில் அவருடைய கிளினிக். வேகமாகப் பேசுகிற பெண்மணி. பேசும்போது ஒரு கை எப்போதும் நாயின் மேல் இருக்கும். "பாதிக்கு மேல இருந்தா நாம பாத்துக்கலாம். பாதிக்குக் கீழ போயி அங்கேயே நின்னுட்டா என்னைக் கூப்பிடுங்க. பேசலாம்."

என்ன பேசலாம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அவனுக்குத் தடுப்பூசிச் சீட்டில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. அம்மா 'நைனா' என்பாள், அதுவே நிலைத்துவிட்டது. கறுப்பு உடம்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஃபேக்டரி கேட்டிலிருந்து அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடி வந்த குட்டி. இப்போது பதிமூன்று வயது. எனக்கு இருபத்து மூன்று. கணக்குப் போட்டால் என் வாழ்க்கையில் அவன் இல்லாத பகுதியைவிட இருக்கிற பகுதி அதிகம். நான் இப்படித்தான், எதையும் கணக்காக மாற்றிவிட்டால் கொஞ்சம் மூச்சு விட முடியும். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலையும் அதுதான்: யாரோ அனுப்பும் எண்களை வரைபடமாக்கி, ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று சொல்வது.

அப்பாவும் ஒரு வகையில் என் கட்சி. ஆவடித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. வண்டிகளுக்குப் போகிற பாகங்களை அளந்து பார்த்து, சரியானதற்குப் பச்சைச் சீட்டு, சரிபண்ண வேண்டியதற்கு மஞ்சள், ஆகாததற்குச் சிவப்பு கட்டுவார். முப்பது வருஷமாக அதே வேலை. அன்று வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு தடவை படித்தார்.

"நல்லா போட்டுக்கீறாங்க," என்றார். "பாயிண்ட் பாயிண்ட்டா. ஆனா மகிழ்ச்சிய அளக்கற கேஜ் இன்னான்னு போடல."

"அது நாமதான் பாத்துச் சொல்லணும்ப்பா."

"பாத்துச் சொல்றதா? அப்போ அது இன்ஸ்பெக்ஷன் இல்லம்மா, ஜோசியம்."

அம்மா தாளைத் தொடவே இல்லை. "அவனுக்கு எக்ஸாம் வெக்கிறியா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். ஒரு ஷீட் போட்டு, மூன்று பேர் போனிலும் தெரிகிற மாதிரி பகிர்ந்து, பாதிக் கோட்டைச் சிவப்பில் இழுத்தேன். சாயங்காலம் ஆறரை, நான் ஆபீஸிலிருந்து வரும் நேரம், அதுதான் மார்க் போடும் நேரம். அது போதாதென்று வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். மொசைக் தரையில் கால் வழுக்குகிறது என்று என் யோகா பாயை வெட்டி ஹாலிலிருந்து பின்வாசல் வரை பாதை போட்டேன். பின்னங்கால்களைத் தாங்க வயிற்றுக்குக் கீழே பழைய துண்டைக் கொடுத்துத் தூக்கி நடத்தலாம் என்று கண்டுபிடித்தேன். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொண்டேன். அவன் என்னை நம்பிப் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது என்று தெரியவில்லை.

முதல் வாரம் முப்பத்தி ஒன்று, முப்பது, முப்பத்தி இரண்டு. சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான். டாக்டரைக் கூப்பிட வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரம்தானே, எண்கள் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் அந்தக் கோட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் இருவரும் போனில் ஷீட்டைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அது யார் எப்போது பார்த்தார்கள் என்று காட்டும்.

இரண்டாவது வாரம் மார்க் ஏற ஆரம்பித்தது. முப்பத்தி ஆறு. முப்பத்தி எட்டு. நான் கேட்டைத் திறக்கும்போதே அவன் எழுந்து நின்றான். வால் இரண்டு பக்கமும் போய் வந்தது. முடி சீவினது போல் இருந்தது. தட்டை வைத்தால் ஈரல் கலந்த சோற்றை நின்றுகொண்டே நக்கித் தீர்த்தான். ஒரு நாள் நாற்பத்தி இரண்டு.

நான் துள்ளினேன். பாய்தான் காரணம், இல்லை சலைன்தான், இல்லை இரண்டும் சேர்ந்துதான் என்று ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் வரைபடத்தைக் காட்டினேன். நாங்கள் இருக்கும் ஃபேக்டரி குவாட்டர்ஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர் பிளாக்கில் இருக்கும் அப்பாவின் கூட்டாளி ஒருவர் வாக்கிங் போகும்போதெல்லாம் எங்கள் கேட்டில் நின்று குரல் கொடுப்பார்.

"இன்னா மாமே, உம் புள்ள இன்னிக்கி எவ்ளோ?"

"நாப்பது."

"எழுபதுக்கா? அப்போ பாஸு! இந்தப் பொண்ணு கெமிஸ்ட்ரில வாங்கினத வுட ஜாஸ்தி போலக்கீதே!"

"அங்கிள், நான் கெமிஸ்ட்ரில இருநூறுக்கு நூத்தி எண்பது."

"சும்மா சொன்னேம்மா. நீ இன்னா, கோவிச்சுக்கினு."

குழப்பம் ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. மூன்றாவது வாரக் கடைசியில் டாக்டர் கேட்டபடி ரத்தம் எடுத்து அனுப்பினோம். முடிவு முன்பைவிட மோசம். கொஞ்சம் இல்லை, நன்றாகவே மோசம். நான் பதிலுக்கு என் வரைபடத்தை அனுப்பினேன். டாக்டர் போன் செய்தார்.

"இது எப்படிம்மா? ரத்தம் கீழ போகுது, மார்க்கு மேல போகுது?"

"அவன் நிஜமாவே நல்லா இருக்கான் டாக்டர். தினமும் பாக்குறேன்."

"தினமும் எப்போ?"

"ஆறரைக்கு."

"எடையைப் பாத்துச் சொல்லுங்க," என்றார். அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அவன் இல்லாமல் ஏறி, கழித்துப் பார்த்தேன். இரண்டு கிலோ குறைந்திருந்தான். மெஷின் தப்பாக இருக்கும் என்று இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன்.

நன்றாகச் சாப்பிடுகிற நாய் எப்படி இளைக்கும்? நோய் தின்னும் என்று ஒரு இடத்தில் படித்தேன். அப்படியானால் தாள் பொய்யா, ரத்தம் பொய்யா? எண்கள் முரண்பட்டால் எந்த எண் எப்படி வந்தது என்று பார் என்பது என் வேலையில் முதல் பாடம். என் வீட்டில் அதை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த புதன்கிழமை ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டது. மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கூட்டமே இல்லாத ரயிலில் ஏறி ஆவடியில் இறங்கி, ஸ்டேஷனில் விட்டிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது இரண்டு மணி.

அவன் பின்வாசல் சிமெண்டில் பக்கவாட்டில் கிடந்தான். கீழே ஈரம். விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது. பின்னங்கால் ஒன்று தானாக வெட்டி வெட்டி இழுத்தது. என் வண்டிச் சத்தம் கேட்டு எழ முயற்சி செய்திருக்க வேண்டும். முன்னங்கால்கள் இரண்டும் ஊன்ற முடியாமல் விரிந்தபடி அப்படியே நின்றுவிட்டிருந்தன. அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முறத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திருடி மாட்டினவள் மாதிரி எழுந்தாள்.

"இன்னாடி, இந்நேரத்துக்கு?"

"இவனுக்கு என்ன ஆச்சு? எப்பலேந்து இப்படி?"

"எப்பவும் இந்நேரத்துக்கு இப்டித்தான்."

"எப்பவுமா? சாப்பிட்டானா?"

தட்டைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்திருந்தது.

"காலைல?"

"காலைல குட்த்தா மோந்துட்டுத் திரும்பிக்கிறான். மத்தியானமும் அதான். சரி, பசிக்கட்டும்னு வுட்டுட்டேன். சாய்ங்காலம்னா துன்றான்ல? நீயும் பாக்கறல்ல?"

மருந்து டப்பாவைத் திறந்தேன். கால் வலி மாத்திரையில் காலையில் பாதி, ராத்திரியில் பாதி என்று டாக்டர் எழுதியிருந்தார். அன்றைய காலைப் பாதி அப்படியே இருந்தது.

"அது ஒங்கப்பா அஞ்சு மணிக்கிக் குடுப்பாரு," என்றாள் அம்மா. "காலைல குட்த்தா நீ வர்றதுக்குள்ள அதோட வேகம் எறங்கிடுதாம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. குவாட்டர்ஸில் வளர்ந்தவளுக்குச் சட்டென்று புரிந்திருக்க வேண்டும். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள், வேப்பமரத்துக்கு இடுப்பு வரை காவியும் வெள்ளையும் பூசுவார்கள். ஒரு தடவை பார்க்கில் ஊஞ்சலுக்குக் காலையில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், மத்தியானம் அதில் உட்கார்ந்து என் யூனிஃபார்ம் பாவாடை போயிற்று. வருகிறவர் பத்து நிமிஷம் பார்ப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. அது ஒரு மரியாதை. இந்த வீட்டில் ஆறரைக்கு வருகிற அதிகாரி நான்.

நாலரைக்கு அப்பா வந்தார். வாசலில் என் வண்டியைப் பார்த்தவுடனே முகம் மாறிவிட்டது.

"அவனுக்குக் காலைலேந்து வலிக்குது. பட்டினி கிடக்கான். நான் மார்க் போடணும்னு," என்றேன். கத்தினேன் என்பதுதான் சரி.

"மாத்திரை குடுக்காம இல்லியே. டைமு மாத்தினேன், அவ்ளோதான்."

"நீங்க இன்ஸ்பெக்டர்ப்பா! நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"இன்ஸ்பெக்டரா இருக்கறதாலதாம்மா பண்ணேன்." அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினார். "செவப்புச் சீட்டு கட்டினா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது. கட்டிட்டா அப்பறம் அது திரும்பி வராது."

நான் அழுதேன். அழுதுகொண்டே மாத்திரையைக் கொடுத்தேன். அதோடு இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த இரண்டு வாரமும் நானும் சுத்தமில்லை. ஐந்தா ஆறா என்று தோன்றினால் ஆறுதான் போட்டேன். மகிழ்ச்சிக்கு அவன் வால் ஆட்டின கணக்கில் எட்டு போட்டேன். அவனும்கூட என் வண்டிச் சத்தத்துக்குத் தன்னால் முடிந்ததைச் செய்து நின்றிருக்கிறான். நான்கு பேர் சேர்ந்து ஏற்றின கோடு அது.

மறுநாளிலிருந்து புது விதி போட்டேன். மாத்திரை எழுதினபடி. சாப்பாடு வேளாவேளைக்கு, கையில் ஊட்டியாவது. நான் ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை. மூன்று பேரும் தனித்தனியாக, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல், முழு நாளைக்கும் சேர்த்து மார்க் போட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தோம்.

அப்பாவின் சராசரி நாற்பத்தி நான்கு. என்னுடையது முப்பத்தி ஆறு. அம்மாவினுடையது இருபத்தி இரண்டு.

அம்மாதான் எங்கள் இருவரையும்விடக் கூடுதலாகப் போடுவாள் என்று நினைத்திருந்தேன். ஈரலை மசித்து மசித்து அவன் வாயில் தடவினவள் அவள்.

"ஒரே பீஸை மூணு பேரு அளந்து மூணு ரீடிங் வந்தா பீஸ் மேல தப்பு இல்ல," என்றார் அப்பா. "கேஜ் மேல தப்பு." அந்தத் தாளை அவர் மடித்தே வைத்துவிட்டார்.

எனக்கு இன்னொரு பிரச்சினை. அம்மா ஊட்டினால் மூன்று வாய் சாப்பிடுகிறான். ஊட்டாவிட்டால் இல்லை. அப்படியென்றால் அது அவன் சாப்பிடுவதா, அம்மா சாப்பிட வைப்பதா? துண்டைப் பிடித்துத் தூக்கினால் நடக்கிறான். அது அவன் நடையா, என் நடையா? எங்களைக் கழித்துவிட்டு அவனை மட்டும் பார்க்க முடியுமா? கழித்தால்தான் நியாயமா? பதிமூன்று வருஷமாக யார் கழித்துப் பார்த்தார்கள்? டாக்டரிடம் இதையெல்லாம் நீளமாக எழுதி அனுப்பினேன். 'நல்ல கேள்வி' என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"ஏம்மா மகிழ்ச்சிக்குச் சைபர் போட்டே? வால் ஆட்டறானே," என்று அம்மாவைக் கேட்டேன்.

"நீ கூப்டா ஆட்டறான். அது நமக்காவ." அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "போன திங்கக்கெழம, நீ ஆபீஸ் போயிருந்தப்போ, கேஸ்காரன் வந்தான்."

சிலிண்டர் வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் அவன் ஆடித் தீர்த்துவிடுவான். பதிமூன்று வருஷம். சிலிண்டரைத் தரையில் உருட்டுகிற சத்தம் அவனுக்கு ஜென்மப் பகை. அவனைக் கட்டிப்போட்டு, அறையில் அடைத்து, அதற்குள்ளிருந்து அவன் கதவைப் பிறாண்டி, அந்தக் கதவில் இன்னும் கோடுகள் இருக்கின்றன. குவாட்டர்ஸுக்கே எங்கள் வீட்டில் கேஸ் வந்தது தெரிந்துவிடும்.

"வந்து?"

"உள்ளாற வரைக்கும் உருட்டிக்கினு வந்தான். காலிய எட்த்துக்கினான். போறப்போ கேக்கறான், 'இன்னாக்கா, நாயி இல்லையா? செத்துட்ச்சா?'ன்னு. இவன் அங்கயே கீறான். அவன் கால்கிட்ட. கண்ண தொறந்து பாத்துக்கினே கீறான்."

அம்மா கீரைத் தண்டை ஒடித்தாள். "அன்னிக்கே மனசுல சைபர் போட்டுட்டேன். ஒங்கிட்ட சொல்லல."

அப்பா ஹாலில்தான் இருந்தார். டிவியின் சத்தத்தைக் குறைத்தார். என் பக்கம் திரும்பாமல், "டாக்டருக்குப் போன் பண்ணு," என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கே வருவதாக டாக்டர் சொன்னார். இடையில் இருந்த ஐந்து நாளில் நாங்கள் மார்க் போடவில்லை.

அந்தச் சனிக்கிழமையை எனக்கு இன்றுவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு அவன் தானாக எழுந்தான். துண்டு இல்லாமல் பின்வாசல் வரை நடந்தான். அம்மா கையில் வைத்திருந்த பிஸ்கட்டை எட்டிக் கவ்வினான், இன்னொன்று கேட்டு அவளையே பார்த்தான். இரண்டும் உள்ளே போயிற்று. பிறகு கேட் ஓரம் வெயிலில் போய்ப் படுத்தான்.

"பாத்தியா?" என்றார் அப்பா. "பாத்தியா? நான் நாப்பத்தி நாலு போட்டது தப்பா?"

"டாக்டரை வரவேண்டாம்னு சொல்லிடவா?" நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

அம்மா, "சொல்லு," என்றாள். உடனே, "சொல்லாத," என்றாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் புரியல, என்னக் கேக்காத," என்று உள்ளே போய்விட்டாள்.

நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். அதற்குள் டாக்டரின் கார் வந்துவிட்டது. அவன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்து வாலை ஒரு தடவை தரையில் தட்டினான்.

"நல்லா இருக்கறப்போ எப்படி டாக்டர்?" அப்பா வாசலிலேயே மறித்தார். "இன்னிக்கி துன்னான். நடந்தான். நல்லா இருக்கற பீஸுக்கு எப்டி..."

டாக்டர் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். ஈறைத் தூக்கிப் பார்த்தார், தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளின இடம் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது.

"சார், எழவே முடியாத நாள் ஒண்ணு வரும். வலிப்பு வரும். அன்னிக்கு நீங்க கூப்பிடுவீங்க, நான் பூந்தமல்லியில மெட்ரோ தூணுக்கு நடுவுல டிராஃபிக்ல நிப்பேன். அவன் ரெண்டு மணி நேரம் இழுத்துக்கிட்டு இருப்பான். இன்னிக்கு உங்களை மோந்து பாத்துக்கிட்டு, வயித்துல பிஸ்கட்டோட இருக்கான். ரெண்டுல எதுன்னு நான் சொல்ல மாட்டேன். திரும்பிப் போகச் சொன்னா போறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

எது என்று அவரே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் அம்மாவைக் கூட்டி வந்தேன். அவள் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நைனா," என்றாள், அவ்வளவுதான். டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாரா, நாங்கள்தான் கொடுத்தோமா என்று எனக்குத் தெரியாது. ஒரு படிவம் வந்தது. அப்பா பேனாவை வாங்கினார், மூடியைத் திறந்தார், என்னிடம் கொடுத்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் ஊசியிலேயே தூங்கிவிட்டான். குறட்டை வந்தது. இரண்டாவதற்குப் பிறகு டாக்டர் வெகுநேரம் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார். அம்மா ஈ ஓட்டுவதை நிறுத்தவில்லை.

எதிர் பிளாக் மாமா மண்வெட்டியோடு வந்தார். மார்க் கேட்கவில்லை. அவரும் அப்பாவும் சேர்ந்து பின்பக்கம் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் தோண்டினார்கள். வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டு வந்த அப்பா, தலையில் மண்ணோடு, என் எதிரில் உட்கார்ந்தார்.

"கரெக்டா பண்ணோமா?"

எதைக் கேட்டாலும் எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கும், படித்ததோ பார்த்ததோ. அன்று வாயைத் திறந்தேன். அவன் கடைசியாகச் சாப்பிட்ட பிஸ்கட்டின் தூள் என் கால் பெருவிரலில் ஒட்டியிருந்தது.

"தெரியலப்பா," என்றேன்.

"எனக்கும் தெரியல," என்றார் அவர், கொஞ்சம் ஆறுதலாக. பிறகு அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட எழுந்து போனார்.